மஞ்சள் வெச்ச பாகக் காயிதம்

எனக்கு வயசு எழுபத்தி ஆறு. பெத்தது நாலு, வளத்தது அஞ்சு. அந்த அஞ்சாவது என் கொழுந்தன். நான் கல்யாணமாகி பங்காருபாளையத்துக்கு வந்தப்போ அவனுக்கு நாலு வயசு. மாமியார் இல்லாத வீடு. என் இடுப்புலயே வளந்தான். அவன் மேலதான் நான் சித்தூர் கோர்ட்டுல கேஸ் போட்டேன்.

சண்டை வழிக்காக. என் மாந்தோப்புக்கு டிராக்டர் போவணும்னா அவன் நிலத்து ஓரமாத்தான் போவணும். என் வீட்டுக்காரர் போய்ச் சேந்த மறு வருசம், அவன் கல்லு நட்டு முள்கம்பி கட்டிட்டான். கேட்டதுக்கு, "பாகம் பிரிச்சப்போ வழின்னு ஒண்ணும் விடல, அண்ணி"ன்றான். மரத்துல காய் முத்திக்கினு இருக்குது. வெளியே வர வழியில்லாத காய் யாருக்கு?

பாகம் பிரிச்ச காயிதம் என்கிட்ட இருந்தது. ரிஜிஸ்டர் ஆகாத காயிதம்தான். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒரே மாதிரி ரெண்டு எழுதி, ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்கினாங்க. எங்க வீட்டுக் காயிதத்தை நான் சும்மா வெக்கல. வருசா வருசம் சரஸ்வதி பூசைக்கு எடுத்து மஞ்சள் குழைச்சுப் பூசி, குங்குமம் வெச்சு, சாமிகிட்ட வெப்பேன். கொழுந்தன் பொண்டாட்டிக்கு அந்தப் பழக்கமே கிடையாது. "காயிதத்துக்கு ஒரு பொட்டு வெக்கத் தெரியாத வீடு"ன்னு எத்தனையோ தரம் அவ காதுபடவே சொல்லியிருக்கேன்.

முன்னே ஒரு கேஸுல எங்களுக்கு இருந்த பெரிய வக்கீல், "நல்ல காயிதத்தைக் கூண்டுல ஏர்ற அன்னிக்குத்தாம்மா வெளியே எடுக்கணும்"னு சொல்லுவார். அது என் மனசுல அப்படியே நின்னுபோச்சு. இப்போ பாக்கறது சின்ன வயசு லாயரம்மா. அது கேக்கக் கேக்க நான் காயிதம் இருந்த சுருக்குப் பையைக் கையால மூடிக்கினே உக்காந்திருந்தேன்.

"அம்மா, இன்னா இருந்தாலும் இப்பவே குடுத்துடுங்க. கேஸ் போடும்போதே எல்லாம் போடணும். அப்புறம் கொண்டாந்தா ஜட்ஜ்கிட்ட தனியா பர்மிசன் கேட்டுக்கினு நிக்கணும்."

"எதிராளிக்கும் காட்டுவியா?"

"அவங்களுக்கும் ஒரு காப்பி போவும்."

"நல்லா இருக்குதும்மா! என் கையில இருக்கறதை நானே அவனுக்குக் காட்டணுமா?"

"அவரும் உங்களுக்குக் காட்டணும். அவருக்கு எதிரா இருக்கறதைக்கூட."

எதிரா இருக்கறதை எவன் காட்டுவான்னு சிரிச்சேன். சிரிச்சாலும் குடுத்துட்டேன்.

இப்போல்லாம் காயிதத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தறாங்க. மிசின்ல வெச்சு எடுத்ததும் லாயரம்மா முகம் மாறிப்போச்சு. கீழ் பாதி ஒரே கறுப்பு. எல்லை எழுதின இடத்துலதான் நான் முப்பது வருசமா மஞ்சள் பூசிக்கினு வந்திருக்கேன். வழின்ற எழுத்து அதுக்குள்ள மக்கிப்போச்சு. நான் படிச்சது ரெண்டாங்கிளாஸ், அதுவும் தமிழு. காயிதமோ தெலுங்கு. எந்த எழுத்து எங்க இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

"பரவால்லம்மா. அவர்கிட்ட இருக்கற இன்னொண்ணைக் கேப்போம். இருக்குதா இல்லையான்னு அவரு சத்தியம் பண்ணி எழுதித் தரணும்."

"இல்லன்னு எழுதிட்டா?"

லாயரம்மா பேனாவை எடுத்து மனு எழுத ஆரம்பிச்சுடுச்சு.

வாய்தா வர்ற வரைக்கும் எனக்கு சோறு துன்ன மனசு வரல. தோப்புகூட அப்புறம். நான் வளத்தவன் சாமி மேல பொய்யா கையெழுத்துப் போட்டுடுவானோன்னுதான் பயம்.

போடல. காயிதத்தைக் கொண்டாந்து குடுத்துட்டான். இத்தனை வருசமும் பெட்டியைத் திறந்தே பாக்கலியாம். வெள்ளை வெளேர்னு, ஒரு பொட்டு இல்லாம இருந்தது. லாயரம்மா படிச்சுச் சொல்லிச்சு: கிழக்கோரம் பன்னெண்டடி வழி, பெரியவனுக்கு. அதுக்கு அடுத்த வரி: வழியோரத்து ரெண்டு மாமரம், சின்னவனுக்கு. அந்த ரெண்டு மரத்துக் காயைத்தான் இத்தனை வருசமா நான் ஊறுகாய் போட்டுக்கினு இருந்தேன்.

ரெண்டு பேரும் ராஜியாப் போனோம். கோர்ட்டு வராண்டாவுல அவன் சிரிச்சான்.

"ஊறுகாய் எல்லாம் என் மரத்துக் காயா, அண்ணி?"

"உனக்கும் ஜாடி ஜாடியாக் குடுத்தேனேடா! துன்னல?"

"கம்பியை நாளைக்கே எடுத்துடறேன்."

"எடுத்துட்டு உன் பொண்டாட்டியை வீட்டுக்கு அனுப்பு. அவளுக்கு ஒரு பொடவை எடுத்து வெச்சிருக்கேன்."

இந்த வருசம் காய் அந்த வழியாத்தான் போச்சு. நான் திருப்பதியில மக வீட்டுல உக்காந்து சொல்லச் சொல்ல, பேத்தி எழுதினா.

எங்கே கண்ணு, முதல்லருந்து ஒரு தரம் படி. மஞ்சள் பூசினதும் ஊறுகாய் போட்டதும் இருக்குதான்னு பாக்கணும். எனக்கு எதிரா இருக்கறதை விட்டுடப் போறே.