ரிவர்ஸ் எடுக்கும் குதிரை

நிலவழகன் குதிரையை வெளியே எடுத்தால் ஐம்பத்தாறு தேசத்து ராஜாக்களும் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிவார்கள். இலுப்பூர் கல்யாண மண்டபத்தில், மாவட்டச் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில், இப்போதுதான் எடுத்தார். எதிரில் இருந்தவன் கொட்டாவி விட்டான்.

கந்தர்வக்கோட்டையில் முந்திரி மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி அவருடையது. நாற்பது வயதைத் தாண்டியும் டவுசர் போட்ட பையன்களோடு வரிசையில் நின்று பெயர் கொடுப்பார். வெள்ளையோ கறுப்போ, முதலில் நகர்வது குதிரைதான். ஏன் என்று கேட்டால், "சிப்பாய் முன்னாடி மட்டுந்தான் போகும் தம்பி. ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டிய நான் மொதல்ல தொடமாட்டேன்" என்பார். கொஞ்சம் நெருக்கடி என்றாலும் குதிரையைப் பழைய கட்டத்துக்கே கொண்டுவந்து நிறுத்துவார். வாய் தானாக முணுமுணுக்கும்: "வரலாம், வரலாம்... ரைட்டு." நடுவர் ரகுநாத் எட்டிப் பார்த்து, "அண்ணே, இது வண்டி ஸ்டாண்டு இல்லண்ணே" என்பார். காயை நகர்த்தியதும் ஆட்டக் கடிகாரத்தைத் தட்டுவதும் ஹார்ன் அடிப்பதைப் போலத்தான்.

மூன்று வருடமாக வருகிறார். ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. வீட்டுச் சுவரில் இருக்கும் சான்றிதழ் அத்தனையும் 'பங்கேற்றார்'. அன்றும் அதுவரை ஆடிய எல்லாச் சுற்றிலும் தோற்றுவிட்டு, மதியம் மனைவி தேவிப்ரியாவிடம் போனில் குழைந்துகொண்டிருந்தார்.

"பங்கேக்குறதுக்கு டீசல் வேறயா?" ஸ்பீக்கர் கிழிந்தது. "ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சுட்டு வாங்க, கோழி அடிச்சு வைக்கிறேன்."

"இன்னும் ஒரு ரவுண்டு இருக்குல்ல புள்ள!"

அதை ஒட்டுக்கேட்டவன்தான் அந்த ரவுண்டில் அவருக்கு எதிரே உட்கார்ந்து கொட்டாவி விட்டவன். காலையில் அவர் சட்டை முதுகில் சிவப்பாக 'எல்' போர்டு எழுதி ஒட்டியவனும் அவன்தான். இதை எழுதுகிறவனும் அவன்தான். மண்டபமே சிரித்தபோது, அவரும் எதற்கென்று தெரியாதவர் போலக் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பாதி ஆட்டத்தில் அவன் இன்னொரு கொட்டாவி விட்டு, தன் ராணியைக் கொண்டுபோய் அவர் குதிரையின் வாய்க்கு நேராக வைத்தான்.

நிலவழகன் ராணியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

அவர் விரல் குதிரையைத் தொட்டது. "வரலாம், வரலாம்... ரைட்டு." ராணியைத் தொடாமல், குதிரை புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பியது.

"ஓசிக் கோழி வேணாம்டா," என்றார் மெதுவாக. "ஒழுங்கா ஓட்டு."

பிறகு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தடவித் தேடவே இல்லை. 'எல்' போர்டைப் பிய்த்து, மேசையில் அவன் பக்கமிருந்த ஓரத்தில் அழுத்தி ஒட்டிவிட்டு, கடிகாரத்தில் ஹார்ன் அடித்தார்.