ஹாஜியார் கேட்ட அரை ஜிபி

பதுளையில் மரக்கறி மொத்தக் கடையின் பின்னறை. கணினித் திரையில் விரலை வைத்தபடி ஹாஜியார் கேட்கிறார்: "நாலு ஜிபிண்டு சொல்லித்தானே வாங்கின? இதில மூண்டரைதான் காட்டுது. மிச்சம் எங்க தம்பி?" அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் கேள்விதான். அவர் கடையின் முதலாளி. சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதன் நினைவகத்தில் அந்த மிச்ச அரை ஜிபியை ஒதுக்கி வைத்தவன் நான்தான். இயங்குதளத்தின் கருவான கெர்னல் திடீரென்று செயலிழந்து விழுந்தால், ஏன் விழுந்தது என்று அதனால் சொல்ல முடியாது. அதற்காக நினைவகத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே பிரித்து, அங்கே சின்னதாக இன்னொரு கெர்னலை உட்காரவைப்போம். பெரியது விழுந்ததும் சின்னது எழுந்து, அந்த நேரத்தில் நினைவகத்தில் இருந்ததை அப்படியே வன்வட்டில் எழுதி வைக்கும். இதை எத்தனை விதமாகத்தான் சொல்லவில்லை! "அப்ப ஒண்டும் நடக்காட்டி அது சும்மாதானே கிடக்கும்?" என்பார். ஆமாம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது. எடுத்துவிடச் சொன்னார். கடைசியில் அவர் சொன்னபடியே அந்த ஒதுக்கீட்டை எடுத்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் சர்வர் விழத் தொடங்கியது. வெலிமடையிலிருந்து லீக்ஸும் கிழங்கும் ஏற்றிவந்த லொறிகள் வாசலில் வரிசையாக நிற்கும். உள்ளே திரை உறைந்து கிடக்கும். எடை பதியும் மென்பொருளை எழுதியவள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கடைக்கு வேலைக்கு வந்த பெண்; நான் தங்கச்சி என்பேன், ஹாஜியார் மகள் என்பார். லொறிக்காரர்கள் சத்தம் போட்டபோது, அவர்கள் முன்னாலேயே ஹாஜியார் சொன்னார்: "எல்லாம் அந்த மகள்ட வேலை." அவள் எழுதியது பிழையென்றால் பெரும்பாலும் அது மட்டுந்தான் நிற்கும், முழு சர்வரும் விழாது என்றேன். "சாட்சி இருக்கா?" என்றார். சாட்சியைத்தான் எடுக்க வைத்தீர்களே என்று கத்தத் தோன்றியது. அரை ஜிபியைத் திருப்பிக் கேட்டேன். கிழங்குக்குப் பேரம் பேசுவது போலப் பேசி, அதில் கால்வாசி கொடுத்தார். அடுத்த முறை பெரியது விழுந்தது, சின்னது எழுந்தது, இடம் போதாமல் அதுவும் விழுந்தது.

"அண்ணே, இதையும் நான்தான் விழ வெச்சேன்னு சொல்லுவாங்களா?" என்று தங்கச்சி கேட்டாள். அன்று மாலையே பையை எடுத்துக்கொண்டு மடுல்சீமை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அவளுடைய மென்பொருளை நிறுத்தி, எடையைக் கையால் எழுதத் தொடங்கினோம். அப்போதும் சர்வர் விழுந்தது. அதன் பிறகுதான் ஹாஜியார் முழு அரையையும் விட்டுக்கொடுத்தார். அடுத்த வீழ்ச்சியில் எல்லாம் பதிவாகியிருந்தது. குற்றவாளி, நெட்வேர்க் கார்டை இயக்கும் நிரல். அந்தக் கார்டை எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டியவர் ஹாஜியாரின் மருமகன். ஹாஜியார் லொறிச் சாவியைக் கையில் எடுத்தார். பிறகு, "வாங்க, மடுல்சீமைக்குப் போவோம்" என்றார்.

குண்டும் குழியுமான பாதையில் லொறியில் குலுங்கிக்கொண்டே போனோம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று, அவளுடைய அப்பா அம்மாவின் காதில் விழும்படி ஹாஜியார் சொன்னார்: "பிழை என்ட பக்கம் மகள். வேலைக்கு வாங்க."

"வேலைக்கு வரலீங்க. கொழும்புல ஒரு எடத்துல கூப்பிட்டிருக்காங்க. ஆனா லொறிக்காரங்க முன்னால என்னைய சொன்னீங்கள்ல? அதே எடத்துல நின்னு, அது என் பிழை இல்லன்னு சொல்லிருங்க."

மறுநாள் காலை, லொறிக்காரர்கள் முன்னால், விலை கூவும் குரலில் அவர் அதைச் சொன்னார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்துவிட்டது. ஒரு வாரந்தான். "பிழையக் கண்டுபிடிச்சாச்சுதானே தம்பி, இனி அந்த அரைய எடுக்கலாந்தானே?" என்று வந்து நின்றார். "எடுக்கலாம் ஹாஜியார். அடுத்த தடவ விழுந்தா யாரு பேரச் சொல்லுவீங்க?" என்றேன். முறைத்துவிட்டுப் போனவர், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இப்போது ஹாஜியார் இல்லை. கடை அவருடைய மகன் கையில். புது சர்வரில் நினைவகம் தாராளம். நான் ஒதுக்கியதை அவர் கவனிக்கக்கூட இல்லை. எதைக் கேட்டாலும் "உங்களுக்குத் தெரியுந்தானே" என்று கைபேசியைப் பார்த்தபடியே சொல்கிறார். அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.