ஹரீஷ்குமார் எழுதிய ஒன்பது பக்கம்

பர்கூர் பொறியியல் கல்லூரியில் படித்தவள் சத்யப்ரியா. அவளை ஹரீஷ்குமாருக்குக் கட்டிக்கொடுத்தபோது, மாப்பிள்ளை ஓசூர்க் கம்பெனியிலிருந்து அமெரிக்கா போகிறவர் என்பதற்கு மேல் யாரும் எதையும் விசாரிக்கவில்லை. டெட்ராய்ட்டில் ஆறு வருஷம் இருந்தார்கள். கணவனின் விசாவை ஒட்டிப் போனவள் என்பதால் அவள் அங்கே வேலைக்குப் போக முடியாது. மகள் ஸ்வாதி அங்கேதான் பிறந்தாள். 2007இல் அவன் அலுவலகத்துப் பெண் ஒருத்தியோடு தனி வீடு பார்த்துக்கொண்டு விவாகரத்துக்கு மனுப் போட்டான். தீர்ப்பானால் சத்யப்ரியா ஊர் திரும்பியாக வேண்டும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

குழந்தையை இனி எப்படி வளர்ப்பது என்று இருவரும் தனித்தனியே திட்டம் எழுதி வரும்படி கோர்ட் சொன்னது. ஹரீஷ்குமார் ஒன்பது பக்கம் எழுதி, அட்டை போட்டு எடுத்து வந்தான். தொழிற்சாலையில் உற்பத்தி அட்டவணை போட்டுப் பழகியவன். கட்டத்துக்குக் கட்டம் வண்ணம் வேறு. ஸ்வாதி காவேரிப்பட்டினத்தில் அவன் அப்பா ராஜப்பனிடம் வளர்வாளாம். தாய் மாதம் இரண்டு சனிக்கிழமை போய்ப் பார்க்கலாமாம்.

அன்று காலையே ராஜப்பன் போனில் அழைத்திருந்தார். "கொழந்தைய எங்ககிட்ட வுட்டுடும்மா. நாங்க நல்லா வளக்கறோம்."

"உங்க பையன வளத்த மாதிரியா மாமா?" என்று கேட்டாள் சத்யப்ரியா. அவர் போனை வைத்துவிட்டார்.

சமரசம் பேசிவைக்கக் கோர்ட் அமர்த்தியிருந்த வெள்ளைக்காரம்மா ஒன்பது பக்கத்தையும் பொறுமையாகப் படித்தாள். "இதில் அப்பா செய்யும் வேலை எங்கே இருக்கிறது?" என்றாள்.

அவன் பக்கங்களைப் புரட்டினான். "ரிவ்யூ," என்றான். "வாரா வாரம் ரிப்போர்ட் வரும்."

சத்யப்ரியா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவள் எழுதியது ஒரே தாள். குழந்தையும் பாஸ்போர்ட்டும் தாயிடம், ஓசூரில். ஞாயிறு காலை எட்டு மணிக்கு அப்பா போன் செய்ய வேண்டும். மே மாதம் பதினாலு நாள் அவன் ஊருக்கு வந்து மகளோடு இருக்க வேண்டும். பெயருக்கு ஏதோ முணுமுணுத்துவிட்டு அவன் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டான். அப்போது அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஊர் திரும்பிய சத்யப்ரியாவுக்கு ஓசூர் சிப்காட்டில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப்பரிசோதனை வேலை கிடைத்தது. 2009 மே மாதம் அவன் வாடகைக் காரில் வந்து ஸ்வாதியைக் காவேரிப்பட்டினம் அழைத்துப் போனான். நான்காம் நாள் மதியம் கார் மறுபடி வாசலில் நின்றது.

"ஒரே அழுவ. என்னால சமாளிக்க முடியல," என்றான், காரைவிட்டு இறங்காமலே.

"பதினாலு நாளுன்னு கையெழுத்துப் போட்டீங்களே?"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கயேன். வேல இருக்குது."

"நல்ல ரிவ்யூ," என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள்.

நான்கு நாளாக யாரும் ஸ்வாதிக்குத் தலை வாரியிருக்கவில்லை. மகள் இல்லாத நாட்களுக்கென்று வாங்கியிருந்த இரவு ஷிஃப்டை, சத்யப்ரியா கம்பெனிக்குப் போன் செய்து காலைக்கு மாற்றிக் கேட்டாள். அவன் பேச்சு மீறியதை அமெரிக்கக் கோர்ட்டுக்கு எழுதலாமே என்று கம்பெனித் தோழி ஒருத்தி போனில் சொன்னபோது, அந்த ஆளுக்காக ஒரு தபால்தலை ஒட்டுவதுகூட அதிகம் என்று பட்டது அவளுக்கு. மகளை முன்னால் உட்கார வைத்து, எண்ணெய் தொட்டுச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.