கன்னியாவில் ஈர வேட்டியோடு

யுத்த காலத்துத் திருகோணமலையில், மரியாதை தெரிந்தவன் என்று பெயரெடுக்க ஆசைப்பட்டவன் நான். அந்த ஆசைதான் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

நான் வேதக்காரன், கிறிஸ்தவன். துறைமுகத்தில் என்னோடு வேலை செய்த சிநேகிதன் சைவக்காரன். அவனுடைய அம்மா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் வைத்திருந்தார்கள். இராவணன் தன் தாயின் கிரியைக்காக வாளால் குத்தி உண்டாக்கிய ஏழு கிணறுகள் என்பார்கள். கப்பல் வேலை, எனக்கு அன்று இரவு முறை, அவனுக்குத்தான் லீவு இல்லை. "மத்தியானம் எப்பிடியும் வந்திடுவன்" என்றான். நான் அவனுடைய அக்காவோடு மாட்டுவண்டியில் முன்னால் போனேன். கன்னியாவை நான் பார்த்ததில்லை, பார்ப்போமே என்றுதான்.

போன இடத்தில் என் மரியாதை பொங்கிவிட்டது. செருப்பைக் கழற்றினேன். பிற சமயத்தாரின் தீர்த்தத்தில் எதற்கு என்று கழுத்துச் சிலுவையையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். சட்டையை வண்டியில் போட்டுவிட்டு, ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளித் தலையில் வார்த்தேன். ஒன்றில் இளஞ்சூடு, இன்னொன்றில் தோல் உரியும் சூடு. வெறும் மேலோடு, ஈர வேட்டியோடு வந்து நின்றேன்.

மத்தியானம் தாண்டியும் அவன் வரவில்லை. குருக்களுக்கு ஒரே அந்தரம்.

"ஆமிக்காரர் ரோட்டை மறிக்கப் போறாங்களாம். அதுக்குள்ள எல்லாரும் போயிடோணும்" என்றவர் என்னைப் பார்த்தார். "மகன் குளிச்சிட்டு நிக்கிறார்தானே? பிறகென்ன, வந்து இருங்கோ."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

"தம்பி, ஒண்டும் சொல்லாதேங்கோ. நாள் தப்பினா அம்மா எங்க போவா?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதைதான். சொன்னால் கிரியை நிற்கும், சொல்லாவிட்டால் நான் பொய் மகன். ஐயோ, ஓடவும் வழியில்லை. குருக்கள் என் விரலில் தர்ப்பையை மாட்டினார். பிண்டம் வைத்தேன், எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அந்த அம்மாவின் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். அழுகை உண்மையாகவே வந்தது. "நல்ல பிள்ளை" என்றார் குருக்கள். வெட்கத்தில் செத்தேன்.

கடைசி எள்ளை இறைக்கும்போது அவன் வந்தான். துறைமுக வாசலில் வெளியே விடவில்லையாம், மதில் ஏறிக் குதித்து ஓடி வந்திருக்கிறான். முழங்காலில் இரத்தம். என் விரலைப் பார்த்தான்.

"என்ர அம்மாவுக்கு நீ ஆரடா?"

"நாள் தப்பக் கூடாதெண்டு நான்தான்..." என்று அக்கா அழுதார். அவன் அவரைப் பார்க்கவில்லை.

"வேதக்காரனெண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமப் போச்சோ உனக்கு?"

குருக்கள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். ரோட்டில் லொறிகளின் சத்தம் கேட்டது. "இனித் திரும்பத் தொடங்க நேரமில்லை" என்றார்.

அவன் சட்டையைக் கழற்றினான். வாளியை எடுத்து, ஏழு கிணற்றிலும் ஒவ்வொன்றாக அள்ளித் தலையில் ஊற்றினான். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கத்தானே வந்தேன்.