தண்ணீர் ஏறிய காரீயக் குழி

அப்பா போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும், பொய் சொல்லத் தெரியாத மனுசன் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் அவர் மாதக்கணக்கில் தினமும் சொன்ன ஒரு பொய்யில் நானும் கூட்டாளியாக இருந்திருக்கிறேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் நான், எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் இதை எழுதிவிட்டால் கொஞ்சம் தூக்கம் வரும் போல இருக்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்குப் போகிற ரோட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. அங்கிருந்து ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தால், பொட்டலுக்கு நடுவே ஒரு காரீயக் குழி. பென்சிலுக்குள் இருக்குமே, அந்தக் கறுப்புக் கல்லை வெட்டி எடுக்கிற இடம். அப்பாவுக்கு அங்கே கல் சுமக்கிற வேலை. சாயங்காலம் வரும்போது, எண்ணெய் தேய்த்த கோயில் சிலை போல மினுமினுவென்று வருவார். மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், ரெண்டு நாள் நின்றால் குழி கிணறாகிவிடும் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு அந்தக் குழியைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

காலாண்டு லீவில் நச்சரிக்க ஆரம்பித்தேன். அம்மாவுக்கு ஏழு மாதம், வயிற்றில் தம்பி. ரத்தக்கொதிப்பு இருக்கிறது, கவலையே படக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"ஒரு நாளைக்குக் கூட்டிட்டுத்தான் போங்களேன். நாள் பூரா என் உசுர எடுக்குறா" என்றாள் அம்மா.

அப்பா ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் என்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டார்.

குழியில் ஒருவரும் இல்லை. லாரி இல்லை. மோட்டார் இருந்த இடத்தில் நாலு போல்ட்டு மட்டும் துருப்பிடித்து நின்றது. பாறையில் வெட்டிய படிகள் இறங்கி இறங்கிப் போய்த் தண்ணீருக்குள் நுழைந்திருந்தன. தண்ணீருக்குள்ளும் நாலைந்து படி தெரிந்தது. அப்புறம் கறுப்பு.

இன்றைக்கு லீவா என்று கேட்டேன். ஆமாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூடிட்டாக தாயி. மாசம் ஒண்ணாச்சு."

மற்றதையெல்லாம் என்னிடம் பேசுகிற மாதிரியும் தண்ணீரிடம் பேசுகிற மாதிரியும் சொன்னார். ஆழம் போகப் போகக் கல் மெலிந்துவிட்டதாம், ஊற்று கூடிவிட்டதாம். முதலாளி மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாராம். அப்பா காலையில் நாலு இடம் சுற்றிக் கூலி வேலை கேட்பாராம். கிடைத்தால் செய்வது, கிடைக்காத நாளில் இங்கே வந்து பொழுதைக் கழிப்பது. தம்பி பிறக்கும்வரை அம்மாவுக்குத் தெரியக் கூடாது.

"அம்மாட்ட சொல்லிறாத. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாம ரெண்டு பேரும் என்ன பண்றது?"

சொல்ல மாட்டேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அதற்கப்புறம் அந்தப் பகல் ஒரு கனவு மாதிரிதான் நினைவில் இருக்கிறது. குழியின் சுவரில் வெள்ளைக் கல்லும் கறுப்புக் கல்லும் மாறி மாறி, மடித்து வைத்த சேலைக் கரைகள் போலச் சாய்ந்து கிடந்தன. முந்தி யாரோ கிணறு வெட்டப் போய், மண்வெட்டி, கை, கால் எல்லாம் கறுத்துப் போனதும் பேய்க் கிணறு என்று போட்டுவிட்டு ஓடினார்களாம். பிறகு வந்த ஒரு வியாபாரி அந்தக் கல்லால் தாளில் கோடு போட்டுப் பார்த்தாராம். குழி அப்படித்தான் பிறந்தது என்றார் அப்பா. ஒரு காலத்தில் இதெல்லாம் கடலடிச் சேறாம். பாசி மாதிரி உயிருள்ள என்னென்னவோ அதில் புதைந்து, மண்ணுக்கடியில் போய், வெந்து, நசுங்கிக் கல்லாகிவிட்டதாம். கல்லைச் சோதிக்க வந்த ஆபீசர் சொன்னது.

அப்படியென்றால் நாமும் கல்லாவோமா என்று கேட்டேன்.

"ஆகலாம். ரொம்ப நாளாகும்" என்றார் அப்பா.

கறுப்புத் தூளை ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் தூவினார். மூழ்கவில்லை. மீன் செதில் மாதிரி மினுங்கிக்கொண்டு மேலேயே மிதந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன். விழித்தபோது, என் முகத்தில் வெயில் விழாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ.

கிளம்பும் முன் அவர் வேலை செய்தவர் போல ஆக வேண்டும். தூளை எடுத்துக் கை, கழுத்து, சட்டை என்று பூசிக்கொண்டார். கல் சுமக்கிறவருக்கு முதுகுதான் அதிகம் கறுக்கும். அங்கே கை எட்டாது. மற்ற நாட்களில் எருமை மாதிரிப் பாறையில் சாய்ந்து தேய்ப்பாராம். அன்றைக்கு அந்த வேலை எனக்கு. இரண்டு கையாலும் அப்பி அப்பிச் சட்டையின் முதுகு முழுக்க வைத்தேன். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்தையும் அவ்வளவு அக்கறையாகச் செய்ததில்லை.

தெருவுக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டுப் பெரியம்மா பார்த்துவிட்டார்.

"என்ன கொழுந்தனாரே, மகளையும் குழிக்குள்ள எறக்கிட்டீகளா?"

"நாளைக்கு ஒங்களையும் வரச் சொல்றாக மதினி" என்று அப்பா சிரித்தார்.

அம்மா துவைக்கிற கல்லில் சட்டையை விரித்தாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. முதுகு முழுக்கச் சின்னச் சின்னக் கைகள். அஞ்சு விரலும் தனித்தனியாக. அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சோப்பைப் போட்டுத் துவைத்தாள். என்னைக் கூப்பிட்டு, ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் தேய்த்துக் கழுவிவிட்டாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தூக்குவாளி கனத்தது. இரண்டு பேருக்குச் சோறு. என்னையும் அழைத்துப் போகச் சொன்னாள். அப்பா வெயில் என்றார், தூசி என்றார். அவள் காதில் வாங்காமல், பழைய சேலை ஒன்றை மடித்துக் கேரியரில் போட்டாள்.

"அப்பாவுக்குத் தொணையா இரு" என்று என்னிடம் சொன்னாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல், "புள்ளயத் தண்ணிக்கிட்ட விட்றாதீக" என்றாள்.

மோட்டார் ஓடுகிற குழியில் தண்ணீர் ஏது? அப்பாவின் கால் பெடலில் அப்படியே நின்றுவிட்டது. அம்மா உள்ளே போய்விட்டாள்.

நான்தான் சத்தியத்தை மீறிவிட்டேன் என்று அப்பா நினைத்திருப்பார். ஊரைத் தாண்டியதும் சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்துச் சொன்னேன்.

"நான் சொல்லலப்பா. சத்தியமா அம்மாட்ட ஒண்ணுமே சொல்லலப்பா."

சைக்கிள் கோணல்மாணலாகப் போனது. அப்பா தோளில் முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் மேல் அவ்வளவு கோபம் என்று நினைத்து, குழி வரும்வரை நானும் அழுதுகொண்டே போனேன்.