காரணம் என்ற கட்டம்

2024 ஆகஸ்ட் 20, செவ்வாய். ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஆறரைக்குச் செம்பாக்கத்தில் பேருந்து ஏறினேன். ஏழு ஐந்துக்குத் தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனை. என் பிரிவான ரத்த வங்கிக்குப் போகும் வழியில் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் கண்ணில் பட்டது. மறுபேச்சுக்கு இடமில்லாத பெரிய எழுத்தில் 'தன்னார்வ ரத்த தானம், ஊழியர்கள், இன்று பிற்பகல்'. இருபத்திரண்டு பெயர்கள். பதினேழாவது நான். என்னை யாரும் கேட்டிருக்கவில்லை.

"அவங்களே பேர் கொடுத்தாத்தானே மேடம் தன்னார்வம்?" என்று செவிலியர் கண்காணிப்பாளரிடம் கேட்டேன்.

"அவங்களா குடுக்கறதுக்குள்ள அடுத்த வருஷம் வந்துடும். வேணாம்னா வேணாம்னு சொல்லட்டுமே, யாரு புடிச்சு வெச்சிருக்கா?"

அப்படிச் சொல்வது இங்கே எளிதல்ல. மலேசியாவில், நான் பிறந்து வளர்ந்த ஈப்போவில் இதைப் படிப்பவர்களுக்கு விளங்காது. மருத்துவமனை ஊழியர் ஒருவர் ரத்தம் கொடுக்கவில்லை என்றால், எப்போதோ நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் குத்தி ஏதோ நோயை வாங்கிக்கொண்டார் என்றுதான் சக ஊழியர்கள் முதலில் நினைக்கிறார்கள். ஊசியில் என்னென்ன வரும் என்று அறிந்தவர்கள் என்பதாலேயே அவர்களுடைய சந்தேகமும் அதிகம். இங்கே வந்த பதினொரு வருடங்களில் எனக்கும் அந்தச் சந்தேகம் தொற்றிவிட்டது.

ஈப்போவில் ரத்த வங்கியில் இருந்தபோது நாங்கள் பேரங்காடிகளில் முகாம் நடத்துவோம். கொடுத்தவருக்கு மைலோ பானமும் பிஸ்கட்டும் உண்டு. திருப்பி அனுப்பப்பட்டவருக்கும் அதே மைலோ, அதே பிஸ்கட். எங்கள் தலைமைச் செவிலி ஒரு மலாய்க்காரப் பெண். திருப்பி அனுப்பிய காரணம் பூட்டிய பதிவேட்டில் மட்டுமே இருக்க வேண்டும், வேறெங்கும் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். கல்யாணமாகிக் கணவருடைய ஊரான செம்பாக்கத்துக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தேன்.

இரண்டரை மணிக்கு வரிசை தொடங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர் கலைச்செல்வி, வண்டலூரிலிருந்து வருபவள். அவள் முறை வந்ததும் பின்னால் நின்ற லிஃப்ட் ஊழியர் முனுசாமி சிரித்தார். "இன்னா சிஸ்டர், ரெண்டு வர்சமா டபாய்ச்சிகினு கீறீங்க, இன்னிக்காச்சும் குடுப்பீங்களா?"

தடுப்புக்குப் பின்னால் அவள் விரலில் குத்தி, ஒரு சொட்டை நீலக் கரைசலில் விட்டேன். போதிய ரத்த அளவு இருந்தால் சொட்டு மூழ்கும். இது மிதந்தது. மறுபடி விட்டேன். மிதந்தது.

"முங்கிடுச்சுன்னு போடுங்கக்கா."

"முடியாதும்மா. உனக்கே பத்தல."

"ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு ஊசி குத்துச்சுல்ல. அப்புறம் வந்த ரெண்டு கேம்ப்லயும் நான் லீவு. இன்னிக்கும் குடுக்கலைன்னா முடிஞ்சுது."

ரத்தம் கொடுக்க இத்தனை துடிப்பு ஏன்? கொடுத்த ரத்தத்தை எப்படியும் சோதிப்போம். தன்னைச் சோதித்துக்கொள்வதற்காகவே கொடுக்க வருபவர்களும் உண்டு. ஊசி குத்திய பிறகு எடுக்க வேண்டிய சோதனைகளை இவள் முடித்தாளா? கேட்கவில்லை. நினைத்தேன்.

முகாம் முடிந்ததும் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை, காரணம் என்ன என்ற மூன்று கட்டங்களுடன் ஒரு தாள் பலகையில் ஒட்டப்படும். அது இந்த மருத்துவமனையின் வழக்கம். நிரப்பியது நான். இருவர் கொடுக்கவில்லை. இருவருக்கும் காரணத்தைக் காலியாக விட்டேன். ஒருவர் கலைச்செல்வி. மற்றவர் கதவைச் சாத்திக்கொண்டு மருத்துவரிடம் சொன்ன காரணம் வேறு. அவர் யார் என்று இங்கும் எழுதமாட்டேன்.

ஐந்து மணிக்குக் கலைச்செல்வி வந்தாள். கத்தவில்லை.

"ஏன்க்கா காலியா விட்டீங்க? ரத்தம் கம்மின்னு எழுதியிருந்தா ஒருத்தரும் திரும்பிக்கூட பாத்திருக்க மாட்டாங்க. சாப்பாட்டு ரூம்ல என் டிபன் டப்பாவ தனியா நகத்தி வெச்சிருக்காங்க."

"காரணத்தை வெளியில எழுதக் கூடாதும்மா. அது உனக்குப் பாதுகாப்பு."

"அது உங்க மலேசியாவுலக்கா. இங்க காலியா இருந்தா அவங்களே எழுதிக்கறாங்க. ஊசி குத்துனப்புறம் மூணு டெஸ்டும் எடுத்தேன், மூணும் நெகட்டிவ். ஃபைல்ல இருக்கு. ஃபைல யாரு பாக்கறா? பலகையதான பாக்கறாங்க."

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பை எழுதும்போது ஒரு வரியில் நின்றுவிட்டேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டது ஈப்போவில் கற்ற மரியாதையாலா, அவளை நானும் நம்பாததாலா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எதையும் அடிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 21, புதன். முதல் வேலையாகப் பலகையின் கண்ணாடியைத் திறந்து, கலைச்செல்வியின் பெயருக்கு நேரே 'ரத்த அளவு குறைவு' என்று எழுதினேன். உண்மை. பேனாவை மூடும்போது மற்ற காலிக் கட்டம் தாளில் தனித்துத் தெரிந்தது. நேற்றுவரை அதற்கு ஒரு துணை இருந்தது. அதிலும் அதையே எழுதினேன். பூட்டிய அலமாரியில் இருக்கும் பதிவேட்டில் அந்த மனிதருக்கு ஈப்போவில் நான் பழகியபடி உண்மையான காரணம். தாம்பரத்துப் பலகையில் இன்னொன்று. இரண்டுக்கும் கீழே இருப்பது என் ஒரே கையெழுத்துதான்.