வாய் வரையாத நான்கு பெண்கள்

டப்பிங்குக்கு வசனம் எழுதுகிறவனுக்கு உண்மையான முதலாளி உதடுதான். திரையில் இருப்பவன் வாயை மூடும் இடத்தில் என் சொல்லும் மூட வேண்டும்; அவன் வாய் திறந்திருக்கும்போது என் வாக்கியம் முடிந்துபோனால் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, பழைய பேப்பரிலும் டிவியிலும் ஆங்கிலம் கற்றுக்கொண்டவன் நான். ஓய்வு பெற்ற பிறகு முழுநேரமும் இந்தத் தொழில்தான். சபையில் எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்க முடியாமல் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான்கு பேருக்கு ஒரு முகம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் ஸ்டூடியோ. அங்கே ஓர் அமெரிக்க கார்ட்டூன் காமெடியைத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். தொந்தி அப்பா, சலித்துப்போன அம்மா, ஏழு வயதுப் பையன். அந்தப் பையனுக்குத் தமிழ்க் குரல் கொடுப்பவர் நூர்ஜஹான். நாற்பதைத் தாண்டியவர், கிள்ளான்காரர், கணவர் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். தலையில் கட்டிய தூடோங் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மைக் முன்னால் நின்றாரென்றால், அடுத்த நொடி பால்பல் விழுந்த பையன் பேசுவான். அவன் அழுதால் ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும் எனக்கே தூக்கி வைத்துக்கொள்ளத் தோன்றும்.

இரண்டாவது சீசனில் பக்கத்து வீட்டுக்கு ஓர் அரபு வியாபாரி குடிவந்தான். அவனோடு தலை முதல் கால் வரை கறுப்புத் துணி போர்த்திய நான்கு பெண்கள். துணியில் இரண்டு வெள்ளை ஓட்டைகள், அவைதான் கண்கள். வியாபாரிக்குப் பெயர் இருந்தது. அவன் ஒட்டகத்துக்கும் பெயர் இருந்தது. பெண்களுக்கு ‘பர்தா ஒன்று, பர்தா இரண்டு, பர்தா மூன்று, பர்தா நான்கு’. அவர்கள் பேச மாட்டார்கள். துணிக்குள்ளிருந்து ‘ம்ம்ம்’ என்பார்கள், நாற்காலியில் இடித்து விழுவார்கள், பின்னணியில் சிரிப்பொலி கேட்கும். நான்கு ‘ம்ம்ம்’களும் நூர்ஜஹான் தலையிலேயே விழுந்தன. முதல் இரண்டு பகுதிகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார். இவர்களுக்குப் பெயராவது வைக்கலாமா என்று டைரக்டர் பிரபுவிடம் கேட்டேன். பிரபு நல்ல பையன்தான், எனக்குச் சர்க்கரை வியாதி என்று கூயே பலகாரத்தைக்கூடத் தேடி இனிப்புக் குறைவாக வாங்கி வருவான். கேட்டதும் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

“ஒரே படத்தை நாலு தடவை ஒட்டியிருக்கான் அங்கிள், அதுக்குப் போயி தனித்தனியா பேர் வைப்பீங்களா?”

கிள்ளானில் ஒரு மேடை

பள்ளி விடுமுறையில் கிள்ளான் பேரங்காடி ஒன்றில் கார்ட்டூனுக்கு விளம்பர நிகழ்ச்சி வைத்தார்கள். பையனின் குரலை நேரில் கேட்கலாம் என்று அறிவிப்பு. நூர்ஜஹானைப் பையனின் துணிப் பொம்மைக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்கள். முன்னால் வந்தால் பிள்ளைகளுக்குக் குழப்பமாகிவிடும் என்று காரணம் சொன்னார்கள். அப்பாவுக்குக் குரல் கொடுத்த மீசைக்காரரை மட்டும் மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் தொந்தி அப்பாவாக நடித்தபோது ஒரு பிள்ளையும் குழம்பியதாகத் தெரியவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் நூர்ஜஹான் தானாகவே வெளியே வந்தார். பிள்ளைகள் நம்பவில்லை. அவர் பையனின் குரலில் ஐஸ்கிரீம் கேட்டு அடம் பிடித்துக் காட்டியதும் ஒரே கூச்சல், எல்லோரும் காலைக் கட்டிக்கொண்டார்கள். அதில் ஒரு சிறுமி, ஐந்து வயதுகூட இருக்காது, அவருடைய தூடோங்கை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கேலி செய்யத் தெரியாத வயது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்:

“ஆன்டி, உங்க வீட்டுல மத்த மூணு ஆன்டியும் எங்க?”

ரிமோட்

அன்று நூர்ஜஹான் சிரித்துச் சமாளித்துவிட்டார். வீடு திரும்பும் கொமுட்டர் ரயிலில் எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது. அந்தக் கேள்வியை அந்தக் குழந்தைக்கு எழுதிக் கொடுத்தவன் எவனோ கடல் கடந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறான். அவன் ஒரு தூடோங்கையாவது அருகில் பார்த்திருப்பானா என்பது சந்தேகம். முத்தம் வந்தால் வெட்டுகிறோம். கெட்ட வார்த்தை வந்தால் வெட்டுகிறோம். பன்றி வந்தால் மூன்று பேர் கூடிப் பேசுகிறோம். இதை வெட்டலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் மனைவி இருந்த காலத்தில் டிவி காமெடியில் நம் ஆள் ஒருவன் வருவான். எந்த நாட்டுக் காமெடியானாலும் சரி, நம் ஆள் என்றால் தலையை ஆட்டுவான், குடித்திருப்பான், அல்லது கல்லாவுக்குப் பின்னால் நின்று பல்லைக் காட்டுவான். அவன் வந்தவுடன் அவள் எழுந்துபோய், ரிமோட் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தாலும், டிவியின் பட்டனையே அழுத்தி அணைப்பாள். தூரத்திலிருந்து அணைத்தால் அவளுக்கு ஆத்திரம் தீராது. அணைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கறுத்துப்போன திரையைப் பார்த்து ஒன்றையேதான் கேட்பாள்:

“சிரிக்கிறதுக்கு வேற ஆளே கெடைக்கலையா இவனுங்களுக்கு?”

ஒட்டகம்

அடுத்து வந்தது சீசனின் பெரிய பகுதி. தொந்தி அப்பாவின் குடும்பம் வியாபாரியின் நாட்டுக்குப் போகிறது. நாட்டுக்குப் பெயர் கிடையாது. விமானம் மணலில் இறங்குகிறது. கூடாரம், எண்ணெய்க் கிணறு, வளைந்த கத்தி, பறக்கும் கம்பளம். சந்தை மூலையில் தலைப்பாகைக்காரன் ஒருவன் மகுடி ஊதிக் கூடையிலிருந்து பாம்பை எழுப்புகிறான். பாம்பாட்டி எப்போது அரபு நாட்டுக்குக் குடிபோனான் என்று தெரியவில்லை. வரைந்தவர்களுக்குக் கிழக்கே இருப்பதெல்லாம் ஒரே ஊர் போலிருக்கிறது.

எங்கள் ஒலிப்பதிவாளர் ஹாஃபிஸ் மலாய்க்காரர். வருஷக்கணக்காக எங்களோடு உட்கார்ந்து தமிழ் பேசக் கற்றுக்கொண்டவர். இளம் வயதில் கெய்ரோவில் படித்தவர். அந்தப் பகுதியை அவரும் எங்களோடு ஓட்டிப் பார்த்தார். பிறகு கீழே கடையில் தே தாரிக் டீ குடிக்கும்போது, அங்கே எல்லாம் இப்படித்தானா என்று கேட்டேன். தான் அங்கே வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் என்றார். இவர் ஈரத் துண்டை அந்த அம்மாவின் கொடியில் காயப்போட்டதற்காக மாடியிலிருந்து தெருவே கேட்கும்படி திட்டுவாராம். தேர்வு சமயத்தில் அந்த அம்மாவே சூப்பு வைத்துக் கொண்டுவந்து கதவைத் தட்டுவாராம். ஊரைப் பற்றி வேறென்ன ஞாபகம் என்று கேட்டால் டிராஃபிக் ஜாம் என்கிறார். ஒட்டகம்?

“ஒட்டகத்தை நான் இங்க வந்து ஜூவுலதான் பாத்தேன் லா, அங்கிள்.”

தொண்டைச் சத்தம்

அந்தச் சந்தைக் காட்சிக்குக் கூட்டத்தின் இரைச்சல் வேண்டியிருந்தது. வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் மைக்கைச் சுற்றி நின்று பேசினால் கூட்டமாகக் கேட்கும், அதுதான் வழக்கம். அரபு மாதிரி கேட்க வேண்டும் என்று பிரபு தொண்டையைக் காறி, நாக்கைச் சுழற்றி, அர்த்தமில்லாத ஒரு சத்தத்தைச் செய்து காட்டினான். எல்லோரும் சிரித்துக்கொண்டே காறினார்கள். நூர்ஜஹான் மட்டும் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். இதையும் செய்ய மாட்டேன், இனி அந்த ‘ம்ம்ம்’மும் கொடுக்க மாட்டேன் என்றார். குரல் உயரவே இல்லை.

பிரபு முதலில் கெஞ்சினான். வெறும் காமெடி, யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்றான். பிறகு அவனுக்கும் கோபம் வந்தது. அவனுக்கும் மேலே ஆள் இருக்கிறது, கெடு இருக்கிறது. ஒப்பந்தப்படி நான்கு பர்தாவும் பையனும் ஒரே ஆளுக்கு. ஒன்றை விட்டால் எல்லாவற்றையும் விட வேண்டும் என்றான். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பெண் பையன் குரலுக்கு ஏற்கெனவே பேசிக் காட்டியிருக்கிறாளாம். அடுத்த வாரம் வரை யோசிக்கச் சொன்னான். மூன்று வருஷமாக அந்தப் பையனை நூர்ஜஹான் வளர்த்திருந்தார். அவன் கொட்டாவி எப்படி விடுவான், பொய் சொல்லும்போது எங்கே மூச்சு வாங்குவான் என்பதெல்லாம் அவர் கண்டெடுத்தது. அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவருகே நின்று சொன்னார்:

“அந்த மொழியிலதான் தம்பி நான் தினம் அஞ்சு வேளை தொழுவுறேன். அதுல காறித் துப்ப என்னால ஆகாது.”

உதடு இல்லாத இடம்

மறுநாள் காலையில் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு அந்தப் பகுதியை மறுபடி ஓட்டினேன். நான்கு பெண்களும் வரும் இடத்தில், பழக்க தோஷத்தால் உதட்டைத் தேடினேன். இல்லை. வாயை வரையவே இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற ஒவ்வொருவனுக்கும் நான் உதட்டுக்கு அடிமை. இவர்களுக்கு மட்டும் எந்த உதட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘ம்ம்ம்’ ஓடும் நேரத்துக்குள் எதை எழுதினாலும் பொருந்தும்.

காட்சி இதுதான். விருந்தில் தொந்தி அப்பா, இதில் யார் உன் மனைவி என்று கேட்கிறான். நால்வரும்தான் என்று வியாபாரி நெஞ்சைத் தட்டிவிட்டு, விரல் விட்டு எண்ணி, எண்ணிக்கையில் குழம்புகிறான். நான்கு பெண்களும் வரிசையாக ‘ம்ம்ம்’ என்கிறார்கள். நான் இப்படி எழுதினேன். முதலாமவர்: “நான் இவரோட தங்கச்சி.” இரண்டாமவர்: “நான் பல் டாக்டர், பல்லு புடுங்க வந்தேன்.” மூன்றாமவர்: “நான் தண்ணி மீட்டர் பாக்க வந்தவ, காலையில இருந்து வெளிய விட மாட்டேங்கிறாங்க.” நான்காமவர்: “பொண்டாட்டி நான் ஒருத்திதான். அதையே இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.”

நூர்ஜஹானுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். மறுமுனையில் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. அந்த வாரமே வந்து நான்கு பெண்களுக்கும் நான்கு குரல் கொடுத்தார். பல் டாக்டருக்குத் தன் பழைய தலைமையாசிரியையின் குரல், மீட்டர்காரிக்குப் பினாங்கில் இருக்கும் தன் மாமியின் குரல். சந்தைக் கூட்டத்துக்கு ஹாஃபிஸ் தான் கெய்ரோவில் கேட்டதைச் சொல்லிக் கொடுத்தார். தக்காளி விலை, வழி விடு, பையன் எங்கே போய்த் தொலைந்தான். எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டு கத்தினோம். அர்த்தம் இருந்ததால் இரைச்சல் இன்னும் நன்றாகவே வந்தது. பிரபு இரண்டு முறை ஓட்டிப் பார்த்தான், இரண்டு முறையும் சிரித்தான், பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டான்:

“அங்கிள், மேல மாட்டினா நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்.”

யாராவது

ஒப்புதல் தர, படத்தை வாங்கியிருந்த நிறுவனத்தின் அதிகாரி அம்மா பங்சார் ஆபீசிலிருந்து வந்தார். மேடம் படித்தவர், மரியாதையானவர், என்னைக் கண்டால் நலம் விசாரிப்பவர். விருந்துக் காட்சியில் நான்காமவர் பேசியதும் அவர் வாய்விட்டுச் சிரித்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சிரித்து முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இது ரொம்ப சென்சிட்டிவான விஷயம் என்றார். முகத்திரை போட்ட பெண்கள் இப்படி எதிர்த்துப் பேசினால் யாராவது மனம் புண்படலாம், பழைய ‘ம்ம்ம்’மையே போட்டுவிடுங்கள் என்றார்.

நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. அன்று கேட்டுவிட்டேன். இவர்கள் நாற்காலியில் இடித்து விழுந்தபோதும், எண்ணப்பட்டபோதும், பெயரில்லாமல் இருந்தபோதும் யாரும் புண்படவில்லையா? அது ஒரிஜினலில் உள்ளது, எப்போதோ ஒப்புதல் ஆனது என்றார் மேடம். வாயை மூடிக்கொண்டிருக்கும் வரை யாருக்கும் வலிக்காது, வாயைத் திறந்தால்தான் வலி என்றால், அந்த வலி யாருடையது? இதை நான் கேட்கவில்லை.

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அடுத்த காட்சிக்காக நூர்ஜஹான் மைக் முன்னால் நின்றிருந்தார். எங்கள் பேச்சு உள்ளே கேட்கும் பட்டனை ஹாஃபிஸ் அணைக்கவில்லை. மறந்தாரா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. திடீரென்று எங்கள் அறையின் ஸ்பீக்கரில், பையனின் குரலாக இல்லாமல், அவருடைய சொந்தக் குரல் வந்தது:

“மேடம், நீங்க சொல்ற அந்த யாராவது நான்தான். இங்கதான் நிக்கிறேன், என்னையே கேளுங்க.”

மேடம் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். பிறகு இன்னொரு முறை ஓட்டச் சொன்னார், இந்த முறை சிரிக்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பையன் இன்றும் நூர்ஜஹானின் குரலில்தான் அடம் பிடிக்கிறான். ஆனால் நிறுவனத்தின் விளம்பரத்தில் மட்டும் அந்த நால்வரும் இன்னும் ‘ம்ம்ம்’ என்று நாற்காலியில் இடித்து விழுந்துகொண்டிருக்கிறார்கள், அதை யாரும் சென்சிட்டிவ் என்று சொல்லவில்லை. இத்தனை வருஷமாக ஊரார் உதட்டுக்கெல்லாம் கட்டுப்பட்டு எழுதிய எனக்கு, மனம்போல எழுத ஒரே ஒரு தடவை இடம் கொடுத்தது, அந்தப் பெண்களுக்கு வாய் எதற்கு என்று நினைத்தவர்களின் சோம்பேறித்தனம்தான்.